வாடிவீட்டின் பின்வாசல்: ஒரு கணக்குக் கொப்பியை வாசித்த கதை

என்னிடம் ஒரு பழைய கணக்குக் கொப்பி இருக்கிறது. தடித்த மட்டை, முதுகில் சிவப்புத் துணி ஒட்டியது. அதை வைத்திருந்தவர் என் உம்மாவின் வாப்பா, எங்கள் மூத்தாப்பா. 1947 முதல் 1955 வரை, மாத்தறைக்குக் கிழக்கே கடற்கரையோரக் கிராமமொன்றில் இருந்த வாடிவீட்டுக்குக் கோழி, முட்டை, நெய், தேசிக்காய், மீன் கொடுத்த கணக்கு அது. முழுக்க அரபுத்தமிழில் எழுதப்பட்டிருக்கிறது.

அந்த வாடிவீட்டின் பெயரை இங்கே எழுதாமல் விடுகிறேன். கட்டிடம் இன்று வேறு கைகளில் இருக்கிறது. நான் சொல்ல வந்ததும் ஒரு கட்டிடத்தின் மேல் குறை அல்ல. அந்தக் காலத்து வாடிவீட்டு மேசைக்குச் சாப்பாடு எப்படி வந்தது, அதில் எங்கட ஆட்களுக்கு என்ன பங்கு இருந்தது என்பதைக் கொப்பியின் துணையோடு கொஞ்சம் விளக்கலாம் என்பதே நோக்கம்.

வாடிவீடு என்பது

கிழக்கிலங்கையில் 'வாடிவீடு' என்ற சொல் நல்ல புழக்கத்தில் உண்டு. கல்முனையிலும் மட்டக்களப்பிலும் வாடிவீட்டு வீதி என்று தெருவே இருக்கிறது. தெற்கில் எங்கட ஆட்கள் ரெஸ்ட் ஹவுஸ் என்றே சொல்வார்கள். சிங்களத்தில் தானாயம. மீனவர்கள் கரையில் அடிக்கும் கொட்டிலுக்கும் வாடி என்றே பெயர். இரண்டுமே நிரந்தரமாகக் குடியிருக்கும் இடமல்ல.

கரையோரத்தை 1796 வரை ஆண்ட ஒல்லாந்தர் தங்கள் உத்தியோகத்தர் பயணம் செய்யும் பாதையில் இப்படிச் சில வீடுகளைக் கட்டினார்கள். தங்காலை வாடிவீடு அந்தக் காலத்தது. பிறகு வந்த ஆங்கிலேயர் வீதிகளைப் போடப் போட, ஒரு நாள் மாட்டு வண்டிப் பயணத்துக்கு ஒன்று என்ற அளவில் வாடிவீடுகளைப் பெருக்கினார்கள். காலி வீதியில் பெந்தோட்டை, அம்பலாங்கொடை, பிறகு வெலிகம, மாத்தறையில் கோட்டைக்குள் ஒன்று, தங்காலை, அம்பாந்தோட்டை என்று வரிசையாகப் போகும். மாத்தறையிலிருந்து தங்காலைக்கு இருபது மைலுக்குச் சற்று மேல். தங்காலையிலிருந்து அம்பாந்தோட்டைக்கு இன்னும் ஓர் இருபத்தைந்து மைல்.

இதில் மாத்தறைக்குக் கிழக்கே உள்ள பகுதிக்கு ஒரு விசேஷம் உண்டு. ரயில் 1894இல் காலிக்கும் 1895இல் மாத்தறைக்கும் வந்தது. அதோடு நின்று விட்டது. பெலியத்தை வரை பாதை நீண்டது 2019இல்தான். ஆகவே நூறு வருடத்துக்கு மேலாக, மாத்தறை ஸ்டேஷனில் இறங்கிய ஆள் அதற்கு அப்பால் போக வண்டியையோ, பிறகு பஸ்ஸையோதான் நம்ப வேண்டியிருந்தது. அந்தப் பாதையில் இரவு வந்துவிட்டால் படுக்கவும் பசித்தால் தின்னவும் வாடிவீடு வேண்டும்.

வாடிவீட்டை நடத்துபவர் 'ரெஸ்ட் ஹவுஸ் கீப்பர்'. கட்டிடமும் கட்டிலும் மேசையும் அரசாங்கத்துடையவை அல்லது உள்ளூராட்சி சபையினுடையவை. சமையலும் பரிமாறலும் கீப்பரின் பொறுப்பு. இன்ன சாப்பாட்டுக்கு இன்ன விலை என்ற பட்டியல் சுவரில் தொங்கும். வந்தவர் கையெழுத்து வைக்கவும், குறை நிறை எழுதவும் ஒரு புத்தகம் மேசையில் இருக்கும். அறை குறைவாக இருந்தால் கடமையில் வந்த அரசாங்க உத்தியோகத்தருக்கே முதலிடம்.

முசாபிர் எங்கே சாப்பிட்டார்?

கரையோரப் பாதையில் பயணம் செய்தவருக்குப் போய் ஒதுங்க மூன்று விதமான இடங்கள் இருந்தன. ஒன்று அம்பலம. நாலு தூணும் கூரையும், சுற்றித் திண்ணையும். யாரும் படுக்கலாம், காசு இல்லை. ஆனால் சாப்பாடும் இல்லை. தவளம் என்ற பொதிமாட்டுக் கூட்டத்தோடு போன எங்கட வியாபாரிகள், உப்பும் கருவாடும் மேலே கொண்டுபோய்ப் பாக்கைக் கீழே கொண்டுவந்தவர்கள், அம்பலமவின் பக்கத்திலேயே கல் மூட்டிச் சோறாக்கித் தின்றார்கள்.

இரண்டாவது பள்ளிவாசலும் தைக்காவும். முசாபிர் வந்தால் ஒரு பாய், ஒரு குடம் தண்ணீர், ஊரில் ஒரு வீட்டிலிருந்து வரும் சாப்பாடு. விருந்தாளியின் உரிமை மூன்று நாள் என்ற நபிமொழியை எழுத்தறியாத ஆளும் அறிந்திருந்தார். இந்த உபசாரத்துக்கு எங்கள் கரையில் மிகப் பழைய எழுத்துச் சான்று இப்னு பதூதாவின் பயணக் குறிப்புதான். 1344இல் இலங்கை வந்த அவர் தெவுந்தரையைப் பார்த்துவிட்டுக் காலிக்கு வந்தபோது, நகுதா இப்ராஹீம் என்ற முஸ்லிம் கப்பல் தலைவர் தன் இடத்தில் வைத்து விருந்து கொடுத்தார் என்று எழுதியிருக்கிறார். காலி அப்போது சின்ன ஊர். விருந்து கொடுத்தவரின் பெயர் இன்றுவரை நமக்குத் தெரிவதற்குக் காரணம், சாப்பிட்டவர் எழுதி வைத்ததுதான்.

மூன்றாவது வாடிவீடு. காசு கொடுத்துச் சாப்பிடும் இடம் என்றாலும், அந்த மேசை எல்லோருக்குமாகப் போடப்பட்டது அல்ல. ஆரம்பத்தில் வெள்ளைக்கார உத்தியோகத்தர், தோட்டத்துரை. பிறகு நம் நாட்டு முதலியார், டாக்டர், ஓவர்சியர், போஸ்ட் மாஸ்டர். எங்கட ஆட்களில் இங்கிலீஷ் படித்து உத்தியோகத்துக்குப் போன ஒரு சிலர் பிற்காலத்தில் அங்கே இறங்கினார்கள். அவர்களுக்கு அங்கே ஒரு கஷ்டம் இருந்தது. அதற்குக் கொப்பியில் வருகிறேன்.

மேசையில் என்ன இருந்தது?

வாடிவீட்டுச் சாப்பாட்டுக்கு ஒரு வாடிக்கை உண்டு. காலையில் முட்டை, பாண், பட்டர், சில இடத்தில் பேக்கன். பகலுக்குச் சோறும் கறியும். இரவுக்கு இங்கிலீஷ் முறை: முதலில் சூப், பிறகு பொரித்த மீன், பிறகு ரோஸ்ட் கோழி, கடைசியில் கரமல் புடிங். இந்த வரிசை ஊருக்கு ஊர் அதிகம் மாறவில்லை. சமையற்காரர்கள் ஒருவர் கையைப் பார்த்து ஒருவர் பழகியது.

கோழிதான் இந்த மேசையின் அச்சாணி. குளிர்ப்பெட்டி இல்லாத காலம். மாட்டிறைச்சி கிராமத்தில் எல்லா நாளும் கிடைக்காது. யார் எப்போது வருவார் என்று தெரியாது. கோழியோ முற்றத்தில் உயிரோடு நிற்கும். இந்தியாவில் டாக் பங்களாக்களில் ஆள் வந்து இறங்கிய பிறகே கோழியைத் துரத்திப் பிடிப்பார்கள் என்பதால், அந்தக் கறிக்குத் 'திடீர் மரணம்' என்று வெள்ளைக்காரர் பகிடியாகப் பேர் வைத்திருந்தார்கள். எங்கட வாடிவீடுகளிலும் கதை அதேதான். வண்டிச் சத்தம் கேட்டால் அடுப்படியில் ஒரு கோழிக்கு நேரம் வந்துவிடும்.

பகல் சாப்பாட்டில் கடலோரத்தின் கை தெரியும். தெற்கின் அம்புல் தியல் அதில் முக்கியம். பலயா, கெலவல்லா போன்ற தடித்த மீனைத் துண்டு போட்டு, கொறக்காவும் மிளகும் உப்பும் அரைத்துப் பூசி, மண் சட்டியில் வாழை இலை விரித்து அடுக்கி, தண்ணீர் வற்றும் வரை மெல்லிய நெருப்பில் வைப்பது. கொறக்காவின் புளிப்பும் வற்றிய பதமும் மீனைக் கெடவிடாது. குளிர்ப்பெட்டி இல்லாமலே சில நாள் இருக்கும். நாளைக்கு ஒரு ஆள் வந்தாலும் வராவிட்டாலும் கீப்பருக்கு நட்டமில்லை. விருந்தாளி எப்போது வருவார் என்று தெரியாத அடுக்களைக்கு இதைவிடப் பொருத்தமான கறி இல்லை.

பேயன்னா ஒன்று

இனிக் கொப்பிக்கு வருவோம். அரபுத்தமிழ் என்பது தமிழை அரபு எழுத்தில், வலமிருந்து இடமாக எழுதுவது. அரபியில் இல்லாத ட, ண, ள, ங, ஞ போன்ற ஓசைகளுக்காக அரபு எழுத்துகளின் மேலோ கீழோ புள்ளிகளைக் கூட்டிக்கொண்டார்கள். மார்க்கக் கிதாபுகள் இதில் நிறைய உண்டு. அதை எல்லோரும் பேசுகிறோம். ஆனால் கடைக் கணக்கு, கடிதம், கலியாணச் செலவு எல்லாம்கூட இதில்தான் எழுதப்பட்டன. அதை அவ்வளவாகப் பேசுவதில்லை.

மூத்தாப்பாவின் கொப்பியில் ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு தேதி. வலது ஓரத்தில் பிறைக் கணக்கு, இடது ஓரத்தில் இங்கிலீஷ் மாசம். வாடிவீட்டில் மாச முடிவில் காசு கொடுப்பார்கள். அவருடைய மனதோ பிறையில் ஓடியது. வந்த விருந்தாளியின் பேர் எங்கும் இல்லை. 'துரை 2, நோனா 1' என்றோ, 'டாக்குத்தர்' என்றோ இருக்கும். நோன்பு மாசத்துப் பக்கங்களும் மற்ற மாசம் போலவே நிறைந்து கிடக்கின்றன. மனுஷன் நோன்பு பிடித்துக்கொண்டே பகல் சாப்பாட்டுக்கு மீன் சுமந்திருக்கிறார்.

கோழி எழுதிய வரிகளில் சிலவற்றின் முடிவில் மட்டும் ஒரு 'பே' எழுத்து தனியாக நின்றது. நான் வாசிக்கத் தொடங்கியபோது இது 'பாக்கி' என்பதன் சுருக்கம் என்று முடிவு செய்துகொண்டேன். பாக்கி அரபுச் சொல்தான், 'பே'யில்தான் தொடங்குகிறது. எல்லாப் 'பே'களையும் கூட்டிப் பார்த்தேன். வாடிவீடு மூத்தாப்பாவுக்குப் பெரிய கடன் வைத்திருந்தது போல் வந்தது. 'கரையோர முஸ்லிம் சிறு வியாபாரியும் அரசாங்கக் கடனும்' என்று ஒரு கட்டுரைத் தலைப்புக்கூட எழுதி வைத்துவிட்டேன்.

உம்மாவிடம் காட்டினேன். உம்மா லெப்பையிடம் ஓதும் காலத்திலேயே அரபுத்தமிழ் படித்தவர். சின்னப் பிள்ளையாய் இருந்தபோது முட்டைக் கூடையோடு வாடிவீட்டின் பின்வாசலுக்குப் போய்வந்தவரும் அவர்தான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். சிரித்துவிட்டார்.

"பாக்கி இல்ல மகன், இது பிஸ்மி. வாப்பா அவர்ட கையால பிஸ்மி செல்லி அறுத்துக் குடுத்த கோழி. மத்தது உசிரோட குடுத்தது."

"அத எதுக்கு எழுதி வைக்கணும்?"

"எங்கட ஆள் ஒண்டு ரெண்டு அங்க வந்து இறங்கும் தானே. ஓவர்சியர் ஒத்தர் வருவார். கோழி யார் அறுத்தது எண்டு கேப்பார். வாப்பாட்ட கேட்டனுப்புவாங்க. அவர் கொப்பியப் பாத்துச் செல்லுவார்."

இதுதான் நான் முன்பு சொன்ன கஷ்டம். வாடிவீட்டுக்குப் போன முஸ்லிம் ஒருவருக்கு அறை கிடைக்கும், கதிரை கிடைக்கும், தட்டு முன்னால் வரும். ஆனால் கோழியை யார் அறுத்தார், காலையில் பேக்கன் பொரித்த தாச்சியிலா முட்டை பொரித்தார்கள் என்று தெரியாமல் கை வைக்க முடியாது. மீனை அறுக்க வேண்டியதில்லை, அது எப்படியும் ஹலால். ஆகவே கடலோர வாடிவீடு அவருக்கு மலைநாட்டு வாடிவீட்டை விட லேசு. அப்படி வந்தவர்களுக்கு மீனும் சோறும் தனிச் சட்டியில் வந்தது என்று உம்மா சொல்கிறார். அந்தச் சட்டி எங்கள் வீட்டிலிருந்து போனது. கொப்பியில் ஓரிடத்தில் 'சட்டி 1, தாச்சி 1, திருப்பி வரும்' என்று இருக்கிறது. திரும்பி வந்ததாக எழுத்து இல்லை.

உம்மா சொன்ன விளக்கத்தோடு மறுபடி முதல் பக்கத்திலிருந்து வாசித்தேன். 1947இல் பக்கத்துக்கு ஒன்றிரண்டு 'பே'தான். இரண்டு மூன்று வருடம் போக அது கூடிக்கொண்டே வருகிறது. 1952க்குப் பிறகு கோழி எழுதிய எல்லா வரியிலும் 'பே' நிற்கிறது. அடுப்படிக்கு இரண்டு விதக் கோழி வைத்துப் பிரித்துப் பார்ப்பது தொந்தரவாக இருந்திருக்க வேண்டும். அறுத்து உரித்து வருவதை யாருக்குத்தான் பிடிக்காது? கடைசியில் அந்த மேசையில் இருந்து சாப்பிட்ட துரையும் நோனாவும் முதலியாரும், தங்களுக்குத் தெரியாமலே, எங்கள் மூத்தாப்பா பிஸ்மி சொல்லி அறுத்த கோழியைத்தான் ரோஸ்டாகச் சாப்பிட்டிருக்கிறார்கள். யாரும் சட்டம் போடவில்லை, யாரும் சண்டை பிடிக்கவில்லை. பின்வாசலில் ஒரு மனுஷன் தன் வேலையைச் சுத்தமாகச் செய்தார், அது மேசை முழுதும் பரவியது. ஹலால் என்ற சொல்லை வைத்து இன்று நாட்டில் எவ்வளவு கசப்பு வந்துபோனது என்பதை நினைக்கும்போது, இந்தப் பக்கங்கள் எனக்குப் பெரிதாகப் படுகின்றன.

"மூத்தாப்பா அங்க சாப்பிட்டதா?" என்று கேட்டேன்.

"அங்க இருந்து தின்னதா நான் கேள்விப்பட்டதே இல்ல. ஒரு நாளும் இருக்கச் செல்லயில்ல. அவரும் கேக்கயில்ல. சாராயம் வைக்கிற இடம் எண்டு வாப்பா செல்லுவார்."

இரண்டில் எது காரணம் என்று உம்மாவுக்கும் நிச்சயமில்லை.

அம்பாந்தோட்டையில் ஒரு பகல்

மூத்தாப்பாவின் வாடிவீட்டில் இப்போது சாப்பாடு இல்லை. உம்மாவுக்கு ஒரு தடவையாவது முன்வாசலால் போய் இருந்து சாப்பிட வேண்டும் என்று ஆசை. ஆகவே அதே பாதையில் இன்னும் கிழக்கே, அம்பாந்தோட்டை வாடிவீட்டுக்குக் கூட்டிப்போனேன்.

ஊருக்கும் துறைக்கும் மேலே, கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மேட்டில் அது இருக்கிறது. சம்பான்கள் வந்த தோட்டை என்பதால் அம்பாந்தோட்டை ஆனது என்பார்கள். மலாய் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் ஊர். அவர்களில் பலருடைய முன்னோர் ஆங்கிலேயரின் மலாய்ப் படைப்பிரிவில் இருந்தவர்கள். படை 1873இல் கலைக்கப்பட்டது. 1908 முதல் 1911 வரை லெனார்ட் வுல்ஃப் உதவி அரசாங்க அதிபராக இந்த ஊரில் இருந்தார். உப்பளம், மாட்டு நோய், வழக்கு, சேனைப் பயிர் என்று அவர் நாளாந்தம் எழுதிய உத்தியோகக் குறிப்பு பிற்காலத்தில் புத்தகமாகவே வந்தது. அந்தக் காலத்தை ஆராய்பவர் எவரும் அதைத் தொடாமல் போக முடியாது.

மேசைக்குச் சோறு வந்தது. பருப்பு, பூசணிக்காய், மல்லுங், பப்படம், தேங்காய்ச் சம்பல், மீன். நான் வழக்கம் போலக் கோழியைப் பற்றிக் கேட்கப் போனேன். உம்மா, "மீன் போதும், நீங்க அந்த மனுசனக் கரைச்சல் படுத்தாதீங்க" என்றார். மீன் துண்டைக் கிள்ளி வாயில் வைத்தார். கொறக்கா போதாது என்றார். ஆனாலும் இரண்டாம் தரம் சோறு வாங்கினார். கடைசியில் மண் சட்டியில் எருமைத் தயிரும் கித்துள் பாணியும். ருகுணுப் பக்கத்தில் அதைச் சாப்பிடாமல் எழுந்தால் வந்ததற்கு அர்த்தமில்லை.

சாப்பிட்டு முடித்து விறாந்தையில் நின்றோம். கீழே கடலுக்கும் களப்புக்கும் இடையில் உள்ள நிலத்தில்தான் ஞாயிற்றுச் சந்தை கூடும். 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. சந்தைக்கு வந்தவர்களும் அக்கம்பக்கத்து மலாய்க் குடும்பங்களும் பெருந்தொகையாக அன்று போய்விட்டார்கள். ஆட்களோடு வீட்டில் இருந்த கடுதாசிகளும் போயின. படையில் இருந்தவரின் பத்திரம், கலியாணத் துண்டு, கடைக் கொப்பி. வெலிகமையில் எங்கள் குடும்பத்து வீட்டுக்குள்ளும் தண்ணீர் வந்தது. மூத்தாப்பாவின் கொப்பி அன்று மாவனல்லையில் சாச்சியின் வீட்டில், ஓலைப் பெட்டியொன்றின் அடியில் இருந்தபடியால் தப்பியது. பாதுகாக்க வேண்டும் என்று யாரும் அங்கே வைக்கவில்லை. சாச்சி அதை ரெசிப்பி எழுதக் கொண்டுபோனவர். பின்பக்கத்தில் வட்டிலப்பத்துக்கு எத்தனை முட்டை என்று தமிழில் அவருடைய கையெழுத்து இருக்கிறது.

புறப்படும்போது மேசையில் கையெழுத்துப் புத்தகம் இருந்தது. உம்மாவிடம் பேனையைக் கொடுத்தேன். எழுதலாமா என்று கேட்டார். எழுதுங்க என்றேன். வலது ஓரத்திலிருந்து தொடங்கித் தன் பேரையும், அதன் கீழே தன் வாப்பாவின் பேரையும் அரபுத்தமிழில் எழுதினார். பொறுப்பாக நின்ற பொடியன் எட்டிப் பார்த்துவிட்டு, "அரபியா?" என்று கேட்டான். "தமிழ் தான் மகன்" என்றார் உம்மா.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள்

வாடிவீடுகளின் வரலாற்றை எழுத இன்று கிடைப்பவை அங்கே இறங்கியவர்களின் புத்தகங்களும், அரசாங்க அறிக்கைகளும், அதிபர்களின் நாட்குறிப்புகளும்தான். அவை தேவையானவை. ஆனால் அவற்றில் மேசை வரைக்கும்தான் வெளிச்சம் உண்டு. அடுப்படியின் கணக்கு வேறு இடத்தில் கிடக்கிறது. கீப்பராய், கோக்கியாய், மீன்காரராய், வண்டிக்காரராய் இருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் வீட்டில், அலுமாரியின் மேல், அரிசிப் பெட்டியின் அடியில்.

அரபு எழுத்தைக் கண்டதும் 'ஓதுற கிதாபு' என்று நினைத்துப் பள்ளியில் கொண்டுபோய் வைப்பவர்கள் உண்டு. கிழிந்தது என்று மரியாதையாகப் புதைத்து விடுபவர்களும் உண்டு. அதற்கு முன் ஒரு தடவை வாசித்துப் பாருங்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வையுங்கள். அதைவிட அவசரமான வேலை, வாசிக்கத் தெரிந்த உம்மாமார் இருக்கும்போதே அவர்களுக்குப் பக்கத்தில் உட்காருவது. என் உம்மா இல்லாதிருந்தால் அந்தப் 'பே' இன்றும் கடனாகவே நின்றிருக்கும். அதை நானே அச்சிலும் ஏற்றியிருப்பேன்.